இரண்டாம் கேமராவில் தேவசகாயம்

தேவசகாயம் காவலாளி ஆனது நாற்பத்தைந்து வயதில். அதற்கு முன் கடலூர் சிப்காட்டில் ஒரு சாய ஆலையில் மூட்டை தூக்கினார். ஆலையை மூடியபோது மற்றவர்கள் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். இவரும் நான்கு நாள் உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் எழுந்து ஒரு செக்யூரிட்டி ஏஜென்சிக்குப் போனார். அங்கே சுவரில் கோடு போட்டு உயரம் அளந்தார்கள். ஐந்தடி எட்டு அங்குலம். வேறு எதையும் கேட்கவில்லை. நீலச் சட்டை, தொப்பி, விசில் கொடுத்து அனுப்பினார்கள். தொப்பி ஒரு சுற்றுப் பெரியது. உள்ளே செய்தித்தாளை மடித்துச் செருகிக்கொண்டார்.

முதலில் நெல்லிக்குப்பத்தில் ஒரு ஏ.டி.எம். வாசல். பிறகு ஒரு கல்யாண மண்டபம். கடைசி ஒன்பது வருடம் சிதம்பரத்துக்கு முன்னால், பி.முட்லூர் தாண்டி, ஓர் இறால் தீவனக் கிடங்கு. முதுநகரில் காலை ஆறேகாலுக்குப் பஸ் ஏறுவார். ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு செருப்போடு போவார். கிடங்கு வாசலில் நின்றுதான் ஷூ மாட்டுவார். எட்டு மணிக்கு டூட்டி. சட்டையின் மேல் பொத்தான் எந்த வெயிலிலும் போட்டிருக்கும்.

டூட்டியில் அவர் தூங்கியதில்லை. இதை அவர் சொல்லிக்கொண்டதில்லை, மற்றவர்கள்தான் சொன்னார்கள். மனைவி தைலம்மாள் சொல்வாள்: "ஊட்ல படுத்தாலும் கொரட்டை வுடமாட்டாரு. யாராவது செக்கிங் வந்துட்டா என்ன பண்றதுன்னு."

கிடங்கில் மணிக்கு ஒரு முறை சுற்றி வந்து நோட்டில் எழுத வேண்டும். நேரம், 'எல்லாம் சரி', கையெழுத்து. அவரிடம் இரண்டு கண்ணாடிகள் இருந்தன. தூரத்துக்கு ஒன்று, எழுத ஒன்று. மணிக்கு மணி மாற்றி மாட்டுவது அவருக்குத் தொல்லை. அதனால் காலையில் வந்ததும் எழுதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிற்பகல் மூன்று மணி வரைக்கும் ஒரே மூச்சில் எழுதிவிடுவார். மூன்று மணி டீக்குப் பிறகு மிச்சத்தை எழுதுவார். சுற்றி வருவதை மட்டும் ஒரு மணிகூட விட்டதில்லை. எழுதியது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காகவே சரியாகச் சுற்றி வந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

அவரோடு பகல் டூட்டி பார்த்தவர் கொளஞ்சியப்பன், கம்மாபுரம் பக்கத்துக்காரர். இவரைவிட எட்டு வயது இளையவர். இரண்டு நாற்காலிகள், இரண்டு சாப்பாட்டுப் பைகள். ஒருவர் சுற்றப் போனால் ஒருவர் கேட்டில் இருப்பார்.

மகன் ராபர்ட் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். மஞ்சக்குப்பத்தில் கேமராக் கடை வைத்திருந்தான். கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் வீடுகள், கிளினிக்குகள், நகைக் கடைகள் என்று நிறைய இடங்களில் அவன் போட்ட கேமராக்கள் இருந்தன. கிடங்கு முதலாளி சுப்பிரமணியன் ஒரு நாள் தேவசகாயத்திடம், "ஒம் பையன் கேமரா போடுறானாமே, வரச் சொல்லு" என்றார். ராபர்ட் போய் நான்கு கேமராக்களைப் பொருத்தினான். இரண்டாவது கேமரா கேட்டையும் காவலாளி நாற்காலியையும் பார்த்தது. அதில் ஒரு ஸ்பீக்கரும் இருந்தது. முதலாளி சிதம்பரத்தில் வீட்டில் இருந்தபடியே போனில் பேசலாம், இங்கே கேட்கும்.

வாடிக்கையாளர் எல்லோரிடமும் சொல்வதை ராபர்ட் சுப்பிரமணியனிடமும் சொன்னான். "நாலு கேமரா நாலு ஆளுக்குச் சமம் சார்."

அடுத்த மாதமே பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் போதும் என்று சுப்பிரமணியன் முடிவு செய்தார். கொளஞ்சியப்பனை இரவுக்கு மாற்றினார்கள். ஏற்கெனவே இரவில் இருந்த இருவரை ஏஜென்சி வேறெங்கோ அனுப்பியது.

"ஒம் புள்ள வந்து என் நாற்காலிய எடுத்துட்டுப் போய்ட்டாண்ணே" என்றார் கொளஞ்சியப்பன்.

"நாற்காலி இங்கதான கெடக்கு."

"கெடக்குது. உக்காரத்தான் ஆளு இல்ல."

தேவசகாயம் வீட்டில் இதைப் பற்றி எதுவும் பேசவில்லை. மகனும் கேட்கவில்லை.

சென்னையில் மூன்று நாள் கண்காட்சி ஒன்று வந்தது. பாதுகாப்புத் துறைக்கான சர்வதேச வணிகக் கண்காட்சி. சிதம்பரத்தில் மின்சாரச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் அருண்பாண்டியன், ராபர்ட்டின் கூடப் படித்தவன், நுழைவுச் சீட்டு வாங்கி வைத்திருந்தான். ஒரு வெளிநாட்டுக் கேமராக் கம்பெனி மாவட்டத்துக்கு ஒரு டீலரைத் தேடுவதாகவும், கண்காட்சியில் வைத்தே ஆளைப் பார்த்து முடிவு செய்வார்கள் என்றும் சொன்னான். ராபர்ட் புதுச் சட்டை எடுத்தான். தேவசகாயம் தன் சீருடையைத் தேய்க்கும்போது அதையும் தேய்த்து வைத்தார்.

"அங்க என்னதான்டா வெச்சிருப்பான்?" என்று கேட்டார்.

"எல்லாந்தான். கேமரா, பூட்டு, கேட்டு, ட்ரோன். இருபது முப்பது நாட்டுக்காரன் வர்றான்."

"வாட்ச்மேனுக்கு?"

"வாட்ச்மேனுக்கு என்ன?"

"டார்ச்சு, நல்ல ஷூ. எதுனா இருக்கும்ல?"

"வாட்ச்மேன் இல்லாம எப்படிச் சமாளிக்கிறதுன்னுதாம்பா அங்க கடையே போட்டிருக்கான்."

தைலம்மாள் அடுப்படியிலிருந்து, "அப்போ ஒங்கப்பன அங்க இட்டுட்டுப் போயிடாத. தொரத்தி அடிப்பான்" என்றாள்.

தேவசகாயம் சிரித்தார். காலரைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை தேய்த்தார்.

கண்காட்சி அரங்கு ஒரு பெரிய விமான நிலையம்போல் இருந்தது. ராபர்ட்டின் கழுத்தில் அட்டை மாட்டினார்கள். 'டி. ராபர்ட், கடலூர்.' ஒரு கடையில் நாய் மாதிரி நான்கு கால் இயந்திரம் படியேறியது. ஒரு கடையில் நடையை வைத்தே ஆளைச் சொல்லும் கேமரா. கொரியாக்காரர்கள் குனிந்து வணக்கம் சொன்னார்கள். எல்லாத் திரைகளிலும் யாரோ நடந்துகொண்டிருந்தார்கள், அவர்களைச் சுற்றிப் பச்சைச் சதுரம் கூடவே போனது.

இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, பதினொன்றரை மணிக்கு அந்தக் கம்பெனிக் கடையில் பத்துப் பன்னிரண்டு ஊர்க்காரர்களை நிற்க வைத்தார்கள். மேனேஜர் பெங்களூர்க்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். ஒவ்வொருவரும் தாங்கள் போட்ட இடம் ஒன்றைப் போனில் திறந்து காட்ட வேண்டும். அதைக் கடையின் பெரிய திரையில் போடுவார்கள். வேலை சுத்தமா என்று பார்க்கலாம்.

வேலூர்க்காரர் ஒரு துணிக்கடையைக் காட்டினார். படம் விட்டுவிட்டு வந்தது. சேலத்துக்காரருடையது திறக்கவே இல்லை. ராபர்ட் கிடங்கைத் திறந்தான். அவன் செய்ததிலேயே ஒயர் வேலை சுத்தமானது அதுதான். முதலாளி பார்க்க முடிவதையெல்லாம் அவன் போனிலும் பார்க்க முடியும். இரண்டாம் கேமரா சட்டென்று வந்தது. கேட்டின் துரு வரைக்கும் தெரிந்தது. திரை ஆளுயரம் இருந்தது. அதில் தேவசகாயம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை மார்பில் சாய்ந்திருந்தது.

"குவாலிட்டி பிரமாதம்" என்றார் மேனேஜர். பிறகு சிரித்தார். "ஆனா உங்க கார்டு நல்லா தூங்குறாரே சார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கொரியாக்காரர் ஒருவர் என்னவென்று கேட்டார். சொன்னதும் அவரும் சிரித்தார்.

"இதத்தான் நான் சொல்ல வர்றேன்" என்றார் மேனேஜர். "நம்ம புது மாடல்ல கார்டு அஞ்சு நிமிஷம் அசையலன்னா ஓனருக்கு அலர்ட் போயிடும்."

கூட நின்ற அருண்பாண்டியனுக்குத் தேவசகாயத்தைத் தெரியும். அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறான். அவன் ராபர்ட்டைப் பார்த்தான். ராபர்ட் அவனைப் பார்க்கவில்லை.

"எழுப்புங்க சார். ஸ்பீக்கர் இருக்குல்ல?" என்றார் வேலூர்க்காரர்.

ராபர்ட் மைக்கை அழுத்தினான். என்ன சொல்வதென்று அவன் யோசித்த நேரம் மிகக் குறைவு. "யோவ் செக்யூரிட்டி. எழுந்திருய்யா. தூங்கவா வந்த?" என்றான்.

நன்றாகச் சிரித்தார்கள். ராபர்ட் திரையைப் பார்க்காமல் போனை மூடினான். பெரிய திரையில் கம்பெனியின் பெயர் வந்தது. "சைட் மெயின்டெனன்ஸ் நல்லா இருக்கு, கார்டைத்தான் மாத்தணும்" என்று மேனேஜர் அவன் தோளைத் தட்டினார்.

வெளியே காபி குடிக்கும்போது அருண்பாண்டியன், "மச்சான், அப்பாவுக்கு ஒரு போனப் போடேன்" என்றான்.

"பைக்குள்ள வெச்சிருக்கும். எடுக்காது."

"தூங்குற ஆளு இல்லையேடா அவரு."

"வெயிலு. வயசாச்சு."

ஒரு மணி பத்துக்கு ராபர்ட் கூப்பிட்டான். மணி அடித்து நின்றது. தேவசகாயம் டூட்டியில் போன் எடுக்கமாட்டார் என்பதால் மறுபடி கூப்பிடவில்லை. இரண்டரைக்கு அவனைக் கடலூர் மாவட்ட டீலர் என்று அறிவித்தார்கள். மேனேஜரோடும் கொரியாக்காரரோடும் நின்று படம் எடுத்துக்கொண்டான். நான்கு மணிக்கு, கிடங்கிலிருந்து சேதி கிடைத்துக் கொளஞ்சியப்பன் கூப்பிட்டார்.

மூன்றரைக்கு லோடு ஏற்ற லாரி வந்திருக்கிறது. ஹாரன் அடித்தும் கேட்டைத் திறக்கவில்லை. டிரைவர் ஏறிக் குதித்துப் பார்த்திருக்கிறார். பக்கத்திலிருந்த டாக்டர் வந்து மாரடைப்பு என்றார். போலீஸ் வரைக்கும் கொண்டுபோக வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

எத்தனை மணிக்கு என்று எல்லோரும் கேட்டார்கள். பதில் நோட்டில் இருந்தது. மூன்று மணிக்கு 'எல்லாம் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மூன்றரைக்குள் போயிருக்கிறார்.

"அரை மணி நேரந்தான். படுக்கல, பொரளல" என்று தைலம்மாள் வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். "மூணு மணி வரைக்கும் வேலை பாத்துருக்காரு."

லாரி டிரைவர் அடக்கத்துக்கு வந்திருந்தார். "கழுத்தே திரும்பலீங்க, வெறைச்சிப் போயிருந்தாரு" என்று இரண்டு பேரிடம் சொன்னார். அரை மணியில் உடம்பு விறைக்குமா என்று யோசித்தது ராபர்ட் மட்டும்தான்.

நோட்டை அப்பா எப்படி எழுதுவார் என்று அவனுக்குத் தெரியும். கேமரா வைத்த புதிதில் படம் சரியாக வருகிறதா என்று பார்த்தபோது, காலை எட்டரைக்கு அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிசையாக எழுதுவதைப் பார்த்திருக்கிறான். கொளஞ்சியப்பனுக்கும் தெரியும். இரண்டு பேரும் சொல்லவில்லை.

"அன்னிக்கு நீ போன்ல பாத்தியாடா?" என்று தைலம்மாள் மூன்றாம் நாள் கேட்டாள்.

"இல்லம்மா. கண்காட்சில நேரமில்ல."

கிடங்கு ஆபீஸில் இருந்த கேமராப் பெட்டியில் முப்பது நாள் பதிவு இருக்கும். முப்பத்தோராம் நாள் பழையதன் மேல் புதியது ஏறும். இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி விளக்குபவன் அவன். பதினொன்றே முக்காலுக்கு அப்பா தூங்கியிருந்தால் அவன்மேல் ஒன்றுமில்லை. இறந்து போயிருந்தால் அப்போதும் செய்ய ஒன்றுமில்லை, பேசியது மட்டும் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருந்தது. அதற்காகவே அவன் போகாமல் இருந்தான். கடை திறந்தான். புது டீலர் பலகை வந்தது, மாட்டினான்.

இருபத்தாறாம் நாள் ஹார்ட் டிஸ்க் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கிடங்கு ஆபீஸ் சாவியை வாங்கினான். காலை பத்தரை. புதுக் காவலாளி, இளைஞன், கேட்டில் நின்று பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். ராபர்ட் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டாம் கேமராவைப் போட்டான்.

எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அப்பா ஷூ மாட்டினார். எட்டரைக்கு எழுதினார். ஒன்பது, பத்து, இரண்டு முறை சுற்றப் போய் வந்தார். பத்தரைக்கு ஒரு நாய் கேட்டுக்கு அடியில் தலையை விட்டது. அதனிடம் ஏதோ சொன்னார். பதினொரு மணிக்குச் சுற்றக் கிளம்பியவர் படத்தை விட்டு வெளியே போய், வழக்கமான நேரத்துக்கு முன்பே திரும்பி வந்தார். உட்கார்ந்தார். இடது கையைத் தேய்த்துக்கொண்டார். பதினொன்று இருபதுக்குச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

ராபர்ட் அதை நிறுத்திப் பார்த்தான். பிறகு ஓட விட்டான்.

பதினொன்று முப்பத்தொன்றுக்கு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. போன் இருந்த பை, காவல் அறைக்குள் ஆணியில் தொங்கியது. நாற்காலியிலிருந்து ஆறேழு எட்டு. பக்கத்தில் கொளஞ்சியப்பனின் நாற்காலி இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை முயன்றார். நாற்காலி நகர்ந்தது. விட்டுவிட்டார். தலை சாய்ந்தது.

பதினொன்று நாற்பத்து மூன்றுக்கு ஸ்பீக்கர் பேசியது. பதிவில் ஒலியும் இருந்தது. அவன் குரல் கரகரவென்று, இரும்புத் தகட்டுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. பின்னால் சிரிப்பு.

தேவசகாயத்தின் வலது கை தொடையிலிருந்து எழுந்தது. மெதுவாக, மார்பைத் தாண்டி, தொப்பியை நோக்கிப் போனது. கழுத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றது. பிறகு விழுந்தது. சுப்பிரமணியன் குரல் வந்தாலும் சூப்பர்வைசர் வண்டி வந்தாலும் அவர் அப்படித்தான் கையைத் தூக்குவார். பதினாறு வருடப் பழக்கம்.

அதற்குப் பிறகு எதுவும் அசையவில்லை. நிழல் மட்டும் நகர்ந்தது. எப்போது மூச்சு நின்றது என்று கேமராவுக்குத் தெரியவில்லை. ராபர்ட் பதினாறு மடங்கு வேகத்தில் லாரி வரும் வரைக்கும் ஓட்டிப் பார்த்தான். மறுபடி பதினொன்று நாற்பத்து மூன்றுக்குப் போனான். ஐந்தாறு முறை பார்த்தான். பி.முட்லூரில் டாக்டர் வீடு ஒன்றரை கிலோமீட்டர்.

பதிவைக் காப்பி எடுக்கவில்லை. அழிக்கவும் இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினான்.

வீட்டில் தைலம்மாள் முப்பதாம் நாள் பூசைக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் அவளெதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அம்மா, அன்னிக்கு நான் போன்ல பாத்தேன்."

முறம் நின்றது.

"மத்தியானத்துக்கு முன்னால. பன்னண்டு மணி ஆகல. அப்பா தல சாஞ்சி உக்காந்திருந்திச்சி. தூங்குதுன்னு நெனச்சிட்டேன்."

"நோட்டுல மூணு மணின்னு..."

"காலையிலயே எழுதிடும்மா. எப்பவும் அப்படித்தான்."

அவள் அரிசியில் கிடந்த ஒரு கல்லை எடுத்துப் போட்டாள்.

"அப்போ உசுரு இருந்துச்சா?"

"இருந்துச்சி. நான் ஸ்பீக்கர்ல கூப்ட்டேன். கைய தூக்குச்சி. இன்னிக்குப் போயி பாத்தேன். நான் அப்பப் பாக்காம மூடிட்டேன்."

அவள் அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் மிச்சத்தையும் சொல்லிவிடலாம் என்று இருந்தான்.

"ஒன் கொரலு கேட்டுச்சா அவருக்கு?" என்றாள்.

"கேட்டுச்சி."

"என்னான்னுடா கூப்ட்ட?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். இருபத்தாறு நாளில் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் பார்க்கவில்லை.

"அப்பான்னு" என்றான்.

முப்பதாம் நாள் காலை மாதா கோயிலில் பூசை முடிந்து, கல்லறையில் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்த பின் எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் ஷாமியானா. கொளஞ்சியப்பன் இரவு டூட்டி முடிந்து நேராக வந்திருந்தார், சீருடையை மாற்றாமல். அருண்பாண்டியன் தண்ணீர் கேன் இறக்கினான். ராபர்ட் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு பந்திக்கு வந்தான்.

தைலம்மாள் இலைகளுக்கு நடுவே நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று மணிக் கதை போய்விட்டது. "சென்னையில இருந்து புள்ள கூப்ட்டுச்சி. அப்பான்னு. கேமராவுலதான். அத்தினி தூரத்துல இருந்து கேட்டு, கைய இப்படித் தூக்குனாரு. ஆசீர்வாதம் பண்ணிட்டுத்தான் கண்ண மூடுனாரு."

யாரோ ஒருத்தி, "குடுத்து வெச்ச மனுசன்" என்றாள்.

அருண்பாண்டியன் கேனைக் கீழே வைத்தான். ராபர்ட் அவன் பக்கம் திரும்பவில்லை. கொளஞ்சியப்பன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"கை எது வரைக்கும் போச்சி, தம்பி?"

"கழுத்து வரைக்கும்."

"தொப்பி போட்டிருந்தாரா?"

"போட்டிருந்தாரு."

கொளஞ்சியப்பன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து சாப்பிட்டார். "சாம்பார் ஊத்து" என்றார்.

வரிசைக் கடைசியில் தேவசகாயத்தின் அக்கா சவரியம்மாள் உட்கார்ந்திருந்தாள். எண்பது வயது இருக்கும். எல்லோரும் ஏன் கண்ணைத் துடைக்கிறார்கள் என்று தெரியாமல் முகம் முகமாகப் பார்த்தாள்.

"அத்தைக்குக் காது கேக்கல" என்றாள் தைலம்மாள். "கிட்டப் போயி நீயே சொல்லுடா. என்னான்னு கூப்ட்டன்னு சொல்லு."

ராபர்ட் வாளியோடு அவளருகில் குனிந்தான்.

"அப்பான்னு கூப்ட்டேன் அத்தை."

"ஆங்?"

"சத்தமா சொல்லுடா" என்றாள் அம்மா.

அவன் சத்தமாகச் சொன்னான்.